நாட்டு மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலில் கிளம்பினால்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது

வேலூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவனிடம் சாமான் வாங்க வருகிறவர்கள் பாதி; வாங்கிப் போனதைப் பூசிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் மீதி. எங்கள் கடையில் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஜவ்வாது மலைச் சரக்கு என்று சாலையோரம் விற்றது, வீடியோ பார்த்து அரைத்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த எண்ணெய், எல்லாம் வரும். நான் வைத்தியன் அல்ல. எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் பழகிப்போயிருக்கிறது.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நேரத்தை. எப்போது பூசினீர்கள், எப்போது கிளம்பியது? மருந்தின் பெயரைவிட இந்த இடைவெளிதான் அதிகம் சொல்லும். கீழே தலைப்புகளையும் அதை வைத்தே பிரித்திருக்கிறேன்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் மூன்று காரியத்தை முதலில் முடித்துவிடுங்கள். புதிதாக ஆரம்பித்த மருந்தை நிறுத்துங்கள். பூசியது எண்ணெய்ப் பசையாக இருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரும் மிதமான சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பாக்கெட்டையும் மிச்சப் பொடியையும் எடுத்து வையுங்கள். அதன்மேல் மஞ்சள், விபூதி, பற்பசை, வேப்பிலை விழுது என்று எதையும் பூசாதீர்கள். கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு வினை முதல் மருந்தால் வந்ததா, அதை அடக்கப் பூசிய இரண்டாவதால் வந்ததா என்றே தெரிவதில்லை.

## இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டியவை

மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, உதடு அல்லது நாக்கு வீங்குகிறது, தடிப்போடு வாந்தியோ தலைசுற்றலோ வருகிறது என்றால் 108. ஆளைப் படுக்கவையுங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை போட்டுவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்கிற வேலை வேண்டாம். ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்பக்கூடும். அதனால் அங்கே இருக்கச் சொன்னால் இருங்கள்.

வாய், கண், பிறப்புறுப்பில் புண், தோல் சிவந்து, தொட்டாலே வலி, தேய்த்தால் உரிகிறது, கூடவே காய்ச்சல். இதை ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்பார்கள். உள்ளுக்குச் சாப்பிட்ட மருந்தை ஆரம்பித்து ஏறத்தாழ 4 நாளிலிருந்து 4 வாரத்துக்குள் வரும். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையில் படுக்கவைத்து நாள் கடத்திவிடுவதுதான் இதில் நடக்கிற பெரிய ஆபத்து. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சி.எம்.சி.யோ, எது கிட்டமோ அது.

மருந்து ஆரம்பித்து 2 முதல் 8 வாரத்துக்குள் காய்ச்சல், முக வீக்கம், நெறி கட்டுதல், உடம்பெல்லாம் சிவப்பு என்றாலும் அதே வேகம்தான். கண் மஞ்சளாகி சிறுநீர் கறுத்தால் கல்லீரலையும் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். அதைத் தைலத்தால் தீர்க்க முடியாது.

எருக்கம்பாலோ கள்ளிப்பாலோ கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவர். எருக்கம்பால் விஷயத்தில் ஒரு வஞ்சகம் உண்டு: அவ்வளவாக வலிக்காமலே பார்வை மங்கும். வலி இல்லையே என்று தூங்கப் போய்விடாதீர்கள்.

## பூசின சில நிமிடம், சில மணி நேரத்திலேயே எரிகிறது. அரிப்பைவிட எரிச்சல் அதிகம்

இது பெரும்பாலும் ஒவ்வாமையே இல்லை. தோல் வெந்திருக்கிறது. யார் பூசினாலும் இப்படித்தான் ஆகும். அடையாளம்: சிவப்பு, பற்று போட்ட அளவுக்கே கத்தரித்த மாதிரி நிற்கும்.

முதலில் பற்றின் சூட்டை நினைத்துப் பாருங்கள். “பொடி நல்லதுதாண்ணா, கொதிக்கிற தண்ணியிலதான் குழைச்சேன்” என்று சொன்னால் விசாரணை அங்கேயே முடிந்தது. அடுத்தது எவ்வளவு நேரம் வைத்தீர்கள், மேலே துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றினீர்களா. அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் சாதுவான மூலிகைகூடக் காட்டும் வேலையைக் காட்டிவிடும். வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டு அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பிறகு சரக்கு. பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டினால் கொப்புளம் வரும். குழந்தையின் பாதத்தில், நெஞ்சில் கட்டினால் வெந்த புண்ணே ஆகிவிடும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த பற்று அதிக நேரம் இருந்தால் அரிக்கும். கொடிவேலி என்கிற சித்திரமூலத்தின் வேர் கொப்புளம் எழுப்புவதற்கென்றே பழைய காலத்தில் பயன்பட்டது. அதைப் பச்சையாக அரைத்து மூட்டில் போட்டுவிட்டு ‘அலர்ஜி’ என்று சொல்வதில் நியாயமில்லை.

குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வெறும் வாசலைன் தடவிச் சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் சின்னப் புண் தானாக ஆறும்.

உள்ளங்கை அளவைத் தாண்டினால், முகத்திலோ மர்ம உறுப்பிலோ இருந்தால், குழந்தை என்றால், சீழ் வைத்தால் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர் கால் என்றால் அளவே பார்க்க வேண்டாம். கால் ஆணிக்கு எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் வைத்துக்கொண்டு, மரத்த காலில் சூடு தெரியாமல் ஆழமாக வெந்துபோய் வருகிறார்கள். அந்தக் காலுக்கு எந்தப் பாலும் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம்

உண்மையான தொடு ஒவ்வாமை இதுதான். ஏற்கெனவே பழகிய பொருள் என்றால் 1 முதல் 3 நாளில் கிளம்பும். முதல் முறையாகப் படும் பொருள் என்றால் 10, 15 நாள்கூட ஆகலாம். அதனால்தான் “பத்து நாளா பூசறேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்வது சாட்சி ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே சீக்கிரம் வரும்.

கண்ணிமை, காது மடல், நெற்றி ஓரம், கழுத்து வீங்கியிருந்தால்: தலைக்கு என்ன போட்டீர்கள்? சுத்தமான மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் நிறம் தரும். அதற்கும் சில மணி நேரம் வேண்டும். அரை மணியில் கறுப்பாக்குகிற ‘மூலிகை’ மருதாணியில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயம் கலந்திருக்கும். கல்யாணத்துக்குக் கையில் போடும் கறுப்பு மருதாணியும் அதுவே. கண் நோய் என்று கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்பது தலைச்சாயத்தைத்தான். இந்த ஒவ்வாமை ஆயுசுக்கும் போகாது. அடுத்த முறை கம்பெனி மாற்றிப் பார்ப்பது வீண்.

கோடு கோடாக, தெறித்த மாதிரி, நடுவில் கறுத்த கறையோடு கொப்புளம் என்றால் சேராங்கொட்டை. வண்ணார்கள் துணிக்குக் குறி போட்ட கொட்டை. அதன் எண்ணெய் துணியில் போலவே தோலிலும் கறுப்பாகப் பிடிக்கும். சித்த வைத்தியர்கள் இதைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. சட்டமும் இதை நச்சுச் சரக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. இது சேர்ந்த தயாரிப்பின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வை தேவை என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். வறுக்கும்போது எழும் புகை பட்டாலே முகம் வீங்குகிறவர்கள் உண்டு. அதனால் மிச்சக் கொட்டையை அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாம்பால், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கொப்புளித்த பழக்கம் உள்ளவருக்கு இதுவும் சேராது. மூன்றும் ஒரே குடும்பம்.

பூசாத இடத்திலும், குறிப்பாக இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பில் வந்தால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். காலி மனை முழுக்க பார்த்தீனியம் நிற்கிறதா? அதன் தூள் காற்றிலேயே வந்து படும். அது சேராதவர்களுக்கு அதே குடும்பத்துச் செடிகளான கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு, சாமந்தியும் சேராமல் போகலாம். வெட்டுக்காயத்தில் அந்தப் பூண்டைக் கசக்கி விட்டுவிட்டு, காயம் ஆறாமல் சுற்றிலும் அரிப்பு பரவினால் இலையைச் சந்தேகியுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆட்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். தோல் பதனிடும் இடத்திலோ ஷூ கம்பெனியிலோ வேலையா? பதனிட்ட தோலில் உள்ள குரோமியம், ஒட்டும் பசை, ரப்பர் எல்லாமே கையில் இதே மாதிரி வெடிப்பும் அரிப்பும் தரும். சிமெண்ட் வேலைக்காரர்களுக்கும் குரோமியம்தான். லீவில் அடங்கி, வேலைக்குப் போனதும் கிளம்பினால் பாவம் அந்தத் தைலத்தைத் திட்டாதீர்கள். பாதத்தின் மேல்புறத்தில் மட்டும் வந்தால் செருப்பு வாரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஈரத்துணி 10, 15 நிமிடம் வைத்து எடுப்பது, கலமைன் லோஷன், சோப்பைக் குறைப்பது. நிறுத்தியும் ஒரு வாரத்தில் அடங்காவிட்டால், அல்லது முகம் வீங்கினால், தோல் மருத்துவர். திரும்பத் திரும்ப வந்தால் அவர் பேட்ச் டெஸ்ட் எழுதுவார். முதுகில் பொருள்களை ஒட்டி 2 நாள் கழித்து எடுத்து, மறுபடி ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் வியர்வையில் ஒட்டு கழன்றுவிடும். முடிந்தால் மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் எண்ணெயையும் பொடியையும் கையோடு கொண்டுபோங்கள்.

## வெயில் பட்ட இடத்தில் மட்டும் வெந்து கறுக்கிறது

சட்டைக்குள் இருக்கும் தோல் சுத்தமாக இருக்கிறது, கழுத்தும் கையும் மட்டும் தீய்ந்திருக்கிறது என்றால் கார்போக அரிசியைத் தேடுங்கள். வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயில் காட்டச் சொல்வார்கள். அளவு தவறினால் இரண்டு மூன்று நாளில் கொப்புளமாகி, அப்புறம் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். வேலூர் வெயிலில் ‘அரை மணி நேரம்’ என்பது வேறு ஊரின் அரை மணி நேரம் அல்ல. மேகமூட்டமோ கண்ணாடி ஜன்னலோ முழுப் பாதுகாப்பு ஆகாது.

பலருக்குத் தெரியாதது: நலங்கு மாவு, குளியல் பொடிக் கலவையிலும் வாசனைக்காக இதைச் சேர்ப்பார்கள். தேய்த்துக் குளித்துவிட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அதையே முகத்தில் பேக் போட்டுக்கொண்டு மாடியில் துணி காயப்போடப் போனால்தான் வம்பு. எலுமிச்சைச் சாறும் அப்படியே. வெயிலைத் தவிருங்கள்; கொப்புளம் இருந்தால் டாக்டர். கறுப்பைப் போக்க வெள்ளையாக்கும் கிரீம் பூசாதீர்கள். பெயர் தெரியாத சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைத் தொடும்.

## எலும்பு முறிவுக் கட்டுக்குள் அரிப்பு, எரிச்சல்

எல்லை தாண்டிப் போய் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை எல்லாம் சேர்ந்து இறுகி, உள்ளே வியர்வையும் தேங்கினால் எந்தத் தோலும் முணுமுணுக்கும். எந்த ஊர்க் கட்டானாலும் முதலில் விரலைத்தான் பாருங்கள். விரல் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ இருக்கிறதா? மரத்துப்போகிறதா? மெல்ல நீட்டினால் உயிர் போகிறதா? ஒன்று இருந்தாலும் இது தோல் பிரச்சினையே அல்ல. கட்டை முழு நீளத்துக்கு வெட்டித் தளர்த்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் தசை செத்துவிடும்.

விரல் நன்றாக இருந்தால் நாற்றம், கசிவு, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே பிரிக்க வேண்டும். வெறும் அரிப்பு என்றால் கட்டியவரிடமே போய்ப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிவது வேண்டாம்.

## உள்ளுக்குச் சாப்பிட்டபின் உடம்பு முழுக்கத் தடிப்பு

காணாக்கடி மாதிரி தடித்து, ஓரிடத்தில் அடங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது மறைந்தால் காணாக்கடி வகை. அதே இடத்தில் நின்று வலித்தால் வேறு. டாக்டர் பார்க்க வேண்டும்.

மருந்தைக் குற்றம் சொல்லும் முன் அதனுடன் சேர்த்ததைப் பாருங்கள்: தேன், பால், நல்லெண்ணெய். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அதே வாரத்தில் போட்ட வலி மாத்திரை, ஆன்டிபயாடிக். பெரியவர்கள் செட்ரிசின் 10 மி.கி. ஒன்று போட்டுக்கொள்ளலாம், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், குழந்தை என்றால் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

## ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருவட்டம்

உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ வட்டமாகச் சிவந்து, எரிந்து, கறுத்து நிற்கும். மறுபடி மருந்தெடுத்தால் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் வரும். இது வலி மாத்திரை, சல்பா போன்ற ஆங்கில மருந்துகளின் கைவேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூட்டுவலிக்கு ‘சுத்த மூலிகை’ என்று லேபிள் இல்லாமல் வந்த பொட்டலத்தைச் சாப்பிட்டு இது வந்தால், அதற்குள் என்ன அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இரண்டு மணி நேரத்தில் மூட்டுவலி பறந்துபோனது என்றால் எனக்கு இன்னும் சந்தேகம். பொட்டலத்தோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

## பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் இரட்டிப்பாகக் கிளம்புகிறது

லேபிளில் உரிம எண், உட்பொருள் பட்டியல், தயாரித்தவர் முகவரி இருக்கிறதா? இல்லாத மூலிகைக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு போய்விடும், வட்டம் மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். தோல் மெலிந்து நரம்பு தெரிவது, தொடையிடுக்கில் கோடு விழுவது இதன் அடையாளம். நீங்களாக மாற்றி மாற்றி வாங்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் கெட்டியான முண்டும், உடம்பில் மழைத்துளி விழுந்த மாதிரி வெள்ளைக் கறுப்புப் புள்ளியும் இருந்தால் அது வேறு கதை. தாளகம், பாடாணம் போன்ற ஆர்செனிக் சரக்குகள் சேர்ந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம் பார்க்கலாம். பெரிய மருத்துவமனையில்தான் சோதிக்க முடியும்.

## ஒவ்வாமை மாதிரி இருக்கும், ஆனால் அல்ல

எண்ணெய் தேய்த்த மறுநாள் முடிக்கால்களில் குட்டிக் கொப்புளம், முதுகில் முள் குத்துவது: வேர்க்குருவும் அடைத்த மயிர்க்காலும். சித்திரை, வைகாசியில் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம், அதற்கு முன்பே அங்கே வலி: அக்கி. காவி குழைத்து அக்கி எழுதுவதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். எழுதிவிட்டு டாக்டரிடமும் போகலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ இருந்தால் அன்றே கண் மருத்துவர்.

அரிப்பே இல்லாத, வெளுத்த அல்லது சிவந்த தேமல், தொட்டால் உணர்ச்சி குறைவு: ஒரு பஞ்சால் தடவிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். காட்பாடி பக்கம் கரிகிரியில் இதற்கென்றே மருத்துவமனை இருக்கிறது. மாதக்கணக்கில் களிம்பு வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் மறு பாக்கெட் கொடுப்பதில்லை.

## மறுபடி அந்த மருந்தைத் தொடலாமா?

கொப்புளம், முக வீக்கம், மூச்சுத் திணறல் வந்திருந்தால் கூடாது. லேசான அரிப்பு மட்டும்தான், காரணமும் உறுதியில்லை என்றால் தோல் முழுதாக ஆறிய பிறகு முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் தினம் இருவேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் மெல்லத் தொடரலாம். சேராங்கொட்டை, கொடிவேலி, எருக்கம்பால், கள்ளிப்பால், பூண்டு, கறுப்பு மருதாணி இவற்றுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தை எக்காரணம் கொண்டும் இப்படி வீட்டில் சோதிக்காதீர்கள்.

வாங்குவதில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சரக்கு சேர்ந்த பொடி வேண்டும் என்றால் ஐந்தையும் தனித்தனிப் பொட்டலமாக, மேலே பெயர் எழுதி வாங்கி வீட்டில் கலக்குங்கள். கொஞ்சம் முகம் சுளித்தாலும் கடைக்காரர் எழுதித் தருவார். தோல் மருத்துவர் கேட்டாலும், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேட்டாலும், அந்தப் பொட்டலங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.